காசல்ரீ, மவுசாகலைப் பக்கம் கேமரா தூக்கிக்கிட்டு வாறவங்களுக்கு ஒரு ஸ்டூடியோக்காரன் எழுதுறது

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே, அக்கா தங்கச்சிமாரே,

கோச்சியிலயோ வேன்லயோ ராத்திரியோட ராத்திரியா ஏறி வந்து, இலங்கை மலையகத்து ஹட்டன்ல எறங்கி ஒரு பிளேன்டீய ஊதி ஊதிக் குடிச்சிட்டு, த்ரீவீல் புடிச்சு டிக்கோயா தாண்டிப் போயி, காசல்ரீ டேம் தண்ணிக்கு மேல கெடக்குற பனி கலையிறதுக்குள்ள ஸ்டேண்ட நட்டுடணும்னு ஓடுற உங்க எல்லாருக்கும்தான் இத எழுதுறேன். கொழும்புக்காரங்க, யாழ்ப்பாணத்துப் பசங்க, மட்டக்களப்புல இருந்து வாறவங்க, இப்ப கொஞ்ச காலமா சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து வந்து பைக் வாடகைக்கு எடுத்துக்கிட்டு சுத்துறவங்க, எல்லாரும்தான். வராதீங்கன்னு சொல்றதுக்கு எழுதல, அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். நீங்க வந்தா த்ரீவீல்காரனுக்கு ஒரு ஹயர், கடைக்காரனுக்கு நாலு ரொட்டி விக்கும், எனக்கே மெமரி கார்டு, பேட்டரின்னு ஏதாச்சும் போகும்.

நான் ஹட்டன் டவுன்ல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன். ஐடென்டிட்டி கார்டு படம், பாஸ்போர்ட் படம், கல்யாணம், சடங்கு வீடு, தேர்த் திருவிழா, சாவு வீட்டுக்கு மாலை போடுற பெரிய படம், இதுதான் நம்ம பொழப்பு. பொறந்தது காசல்ரீ கரையோரத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் வரிச வீட்டுல, பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பராவுல. அம்மா மலையில கொழுந்து பறிக்கிறது, அப்பா தேயிலை ஸ்டோர்ல, அதான் பெக்டரியில வேலை. அதனால எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். நல்ல வெளிச்சத்துல ஒரு மொகத்தப் பாத்தா கை எப்படி துறுதுறுங்கும்னும் தெரியும், அந்தப் பக்கம் நிக்கிற பொம்பளை சிரிச்சுக்கிட்டே மனசுக்குள்ள என்னன்னு திட்டுதுன்னும் தெரியும், ஏன்னா அதுல பாதி எங்க அம்மாகிட்ட கேட்டது.

நீங்க படத்துக்குக் கீழ லேக்குன்னு போடுறீங்க, எங்க சனம் அத டேம்னுதான் சொல்லும். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வாற கெசல்கமு ஓயாவ மறிச்சு 1965ல காசல்ரீ, அந்தாண்ட மஸ்கெலி ஓயாவ மறிச்சு 1969ல மவுசாகலை. கரண்டுக்குத்தான் கட்டுனாங்க. படத்த ஏத்துறதுக்கு கொழும்புல போன சார்ஜ்ல போடுறீங்களே, அதுல கொஞ்சம் இந்தத் தண்ணிதான் நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபானன்னு படிப்படியா எறங்கிக் குடுக்குறது. அன்னைக்கு தண்ணிக்கடியில போனது வெறும் பள்ளம் இல்ல. பழைய மஸ்கெலியா டவுனே உள்ளுக்குத்தான் கெடக்கு, கோயில், பள்ளிவாசல், புத்த பன்சல எல்லாம் சேத்து. மழை ஏமாத்துற வருசத்துல தண்ணி வத்தி அதெல்லாம் தலைய நீட்டும், அப்ப உங்க கூட்டமும் வந்துரும், வெடிச்ச சேத்துக்கு நடுவுல அந்த இடிஞ்ச கோயிலு, பின்னுக்கு பாதமலை, அதான் சிவனொளிபாதமலை, நான் கூட எடுத்திருக்கேன், நல்லாத்தான் இருக்கும்.

ஒரு வருசம் அப்படித்தான் நல்லா வத்திப் போச்சு. எங்க அம்மாயிய கூட்டிக்கிட்டுப் போனேன், அவங்க கல்யாணச் சேலை எடுத்தது அந்தப் பழைய டவுன்ல, அத பாக்கணும்னு ரொம்ப நாளா நச்சரிச்சிக்கிட்டே இருந்தாங்க. கையில ஒரு கட்டி சூடம், தீப்பெட்டி. செருப்பக் கழட்டி ரோட்டோரத்துலயே வச்சிட்டு சேத்துல எறங்கி தடவித் தடவி நடந்து போயி, ஒரு கல்லுக் குவியலக் காட்டி இதுதான்டா கடை வரிச, இங்க ஒரு நானா கடை இருந்துச்சு, கடனுக்குக் குடுப்பாருன்னு சொல்லிக்கிட்டே நிக்கிறாங்க. அப்ப மேல இருந்து ஒரு தம்பி சத்தம் போடுறாரு, பாட்டி கொஞ்சம் தள்ளி நிக்க முடியுமா, ஃப்ரேமுக்குள்ள வாறீங்கன்னு. மரியாதையாத்தான் கேட்டாரு, நான் பொய் சொல்லக் கூடாது. அம்மாயியும் ஐயோ தொரன்னு பதறிப் போயி தள்ளி நின்னுக்கிட்டாங்க. அந்தப் படத்துல என்ன இருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளு அன்னைக்கு அங்க அவங்க மட்டும்தான், அவங்களத்தான் தள்ளச் சொன்னது. இது நடந்து எத்தனையோ வருசமாச்சு, எனக்கு இன்னும் அந்தத் தம்பி மேல கோபமில்ல, ஆனா மறக்கவும் மாட்டேங்குது.

சரி, விசயத்துக்கு வாறேன். நான் கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். எடுத்த படத்துல ஒரு பிரிண்ட அந்த ஆளு கையில கொண்டாந்து குடுங்க, அவங்க பேர கேட்டு எழுதி வச்சுக்கங்க. அவ்வளவுதான். ஏன் இதுக்குப் போயி ஒரு மடல் எழுதுறான்னு நெனைப்பீங்க, அதனால கொஞ்சம் வெளக்கமா சொல்லணும்.

எங்க லயத்துல ஒரு பெரியம்மா இருந்தாங்க, சொந்தம்னு இல்ல, அடுத்த காம்பரா, ஆனா நான் வளந்ததுல பாதி அவங்க இஸ்தோப்புலதான், அதான் முன் திண்ணையில. முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து. மலையில எறங்குனா அவங்க கை போற வேகத்துக்கு பக்கத்து நெரைப் புள்ளைங்க ஈடு குடுக்க ஏலாது. அவங்க செத்த அன்னைக்கு ராத்திரி ஒம்பது மணி இருக்கும், மழைன்னா மழை, மகன் நனைஞ்சு போயி ஸ்டூடியோ கதவத் தட்டுறான். கையில ஒரு சொப்பிங் பேக், அதுக்குள்ள அவங்க ஐடென்டிட்டி கார்டு. அண்ணே, இத பெருசா போட்டுக் குடுங்க, வேற படம் இல்லன்னான். அந்தப் பழைய கார்டு உங்களுக்குத் தெரியும்தானே, ப்ளாஸ்டிக் ஒட்டு பிரிஞ்சு, ஈரம் எறங்கி, மொகத்துல பாதிக்கு மேல வெள்ளை அடிச்சுப் போயி. தபால் முத்திரை அளவு படத்த ஒரு முழத்துக்கு இழுத்தா என்ன மிஞ்சும். ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஒக்காந்தேன். கண்ணு ரெண்டையும் நான்தான் வரைஞ்சேன்னு சொல்லலாம். கழுத்துக்குக் கீழ வேற ஒரு அம்மாவோட பட்டுச் சேலைய வெட்டி ஒட்டி, பின்னுக்கு நீலத்தப் போட்டு, ஃப்ரேம் பண்ணிக் குடுத்தேன். அடுத்த நாள் சாவு வீட்டுல பேத்தி அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா, இது யாரு அப்பான்னு கேட்டா.

இது நடந்து ஆறேழு மாசம் போயிருக்கும். என் மச்சான் ஒருத்தன் வயரிங் வேலை பாக்குறவன், ஒரு பழைய பங்களாவ ஹொட்டலாக்குன எடத்துக்கு வேலைக்குப் போனான். அங்கருந்து வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்புறான், டேய் இது நம்ம லயத்து பெரியம்மா இல்லையான்னு. சுவரு முழுக்க இருக்கு படம், எங்க காம்பராவ விட பெருசு. தலையில கூடைக் கயிறு, மூக்குத்தி வெளிச்சத்துல மின்னுது, முன்பல்லு ஒண்ணு விழுந்தது தெரியிற மாதிரி ஒரு சிரிப்பு, பின்னுக்கு மங்கலா காசல்ரீ தண்ணி. அடேயப்பா, என்ன படம். தொழில் தெரிஞ்சவனா சொல்றேன், எடுத்தவன் கை தங்கம். நானும் மகனும் சட்டைய மாத்திக்கிட்டுப் போயி கேட்டோம், எங்களுக்கு ஒரு கொப்பி வேணும், காசு குடுத்துக்குறோம்னு. அங்க இருந்தவங்க நல்லபடியாத்தான் பேசுனாங்க, டீ கூட குடுத்தாங்க, ஆனா படத்தோட உரிமை எங்ககிட்ட இல்ல, எடுத்தவர்கிட்ட கேளுங்கன்னு ஒரு பேர எழுதிக் குடுத்தாங்க. அவருக்கு இங்கிலீசுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு மெசேஜ் போட்டேன். பாத்ததுக்கு ரெண்டு நீலக் கோடு வந்துச்சு. பதில் வரல. ரெண்டு வருசமாச்சு.

படத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, 'மலைகளின் புன்னகை'யாம். பேரு இல்ல. அவங்களுக்கு நல்ல பேரு ஒண்ணு இருந்துச்சுங்க, காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல தெனம் கூப்புட்ட பேரு, சம்பளக் கணக்கு செக்ரோல்ல மாசம் மாசம் எழுதுன பேரு.

இதுக்காக உங்கள மட்டும் குத்தம் சொன்னா நியாயமில்ல, நானும் பண்ணியிருக்கேன். ஒரு கலண்டருக்கு படம் கேட்டாங்க, எங்க அத்தைய நிக்க வச்சு எடுத்தேன். இப்ப நெறைய எடத்துல கூடை எல்லாம் இல்ல, பையும் சாக்கும்தான், ஆனா படம் கேக்குறவனுக்கு கூடைதான் வேணும், அதனால பரண்ல கெடந்த ஒரு பழைய கூடையத் தேடி எடுத்து தூசி தட்டி மாட்டி விட்டேன். அத்தை சொல்லுது, இரு மருமகனே, இடுப்புல இந்த அழுக்குப் படங்குச் சீலையோட எடுக்காத, தீபாவளிச் சேலைய மாத்திக்கிட்டு ஓடியாறேன்னு. நான் பெரிய ஆளு மாதிரி இல்லத்தே, இப்படியே இருந்தாத்தான் நேச்சுரல்னு சொன்னேன். பரண்ல இருந்து எறக்குன கூடை நேச்சுரலு, அவ ஆசப்பட்ட சேலை நேச்சுரல் இல்ல! எனக்கு அயிஞ்சாயிரம் கெடைச்சுது. அத்தைக்கு ஒரு கலண்டர் குடுத்தேன். அந்த வருசம் முடிஞ்சு ஏழு வருசமாச்சு, இன்னும் இஸ்தோப்புல அதே மாசத்துலதான் தொங்குது. யாரு வந்தாலும் மொதல்ல அதத்தான் காட்டும். ஒரு படத்துக்கு எங்க சனம் எவ்வளவு ஏங்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் ஒறைச்சுது.

பொகவந்தலாவையில செயின்ட் மேரிஸ் சர்ச்சுன்னு ஒண்ணு இருக்கு, போயிருக்கீங்களான்னு தெரியல. உலகத்துப் படப்பிடிப்புக்காரங்க எல்லாம் கையெடுத்துக் கும்புடுற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மா அங்கதான் பொதைக்கப்பட்டிருக்காங்க. நாங்க பள்ளிக்கூடத்துல கோல்புரூக் கேமரன்னு மனப்பாடம் பண்ணுனோமே 1833 சீர்திருத்தம், அந்தக் கேமரனோட பொண்டாட்டி. நாப்பத்தெட்டு வயசுல மொத கேமரா கெடைச்சு, இங்கிலாந்துல பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் எடுத்துட்டு, 1875ல இலங்கைக்கு வந்து, 1879ல இந்த மலையிலயே கண்ண மூடுனாங்க. இங்க வந்தும் எடுத்தாங்க. களுத்துறையில அவங்க வீட்டுக்கு வந்த ஓவியக்காரி மரியான் நோர்த்த எடுத்த படத்துக்கு பேரு இருக்கு. அதே களுத்துறையில ஊர்ச் சனத்த எடுத்த படத்துக்கு 'களுத்துறை குடியானவர் கூட்டம்'னு தலைப்பு, அவ்வளவுதான். யாரு என்னன்னு இனிமே யாராலயும் கண்டுபுடிக்க ஏலாது. அந்தக் காலத்துல கண்ணாடித் தகடு, மருந்து பூசி, நிமிசக் கணக்குல அசையாம நிக்கணும். அத்தனை நேரம் அசையாம நின்னவங்ககிட்ட பேர கேக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். நான் அந்தக் கல்லறைக்குப் போனப்ப ஒரு பூ வச்சிட்டுத்தான் வந்தேன், கும்புட வேண்டிய ஆளுதான், ஆனா இதையும் நெனைச்சுக்கிட்டேதான் திரும்பி வந்தேன்.

இப்ப நீங்க நிக்க வைக்கிற கதைக்கு வாறேன். எங்க பக்கம் ஒரு முழுப் பேருக்கு, அதான் முழு நாள் சம்பளத்துக்கு, கொழுந்து 18 கிலோ, 20 கிலோன்னு தோட்டத்துக்குத் தோட்டம் கேக்குறாங்க. அதுக்குக் கொறைஞ்சா அரைப் பேருதான். தராசுல வேற ஈரத்துக்குன்னு, சாக்குக்குன்னு கழிப்பாங்க. நீங்க காலைல வெளிச்சம் நல்லா இருக்குறப்ப வந்து அக்கா இந்தப் பக்கம் பாருங்க, கொழுந்த இப்படி மேல தூக்கிப் போடுங்கன்னு இருவது நிமிசம் புடிச்சு வச்சீங்கன்னா அது கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுந்து. கங்காணி மேல இருந்து சத்தம் போடுவாரு, அவருக்கு மேல தொர சத்தம் போடுவாரு. பத்து மணி தேத்தண்ணி நேரத்துல வாங்க, இல்லாட்டி அந்திக்கு மடுவத்துல, அதான் கொழுந்துக் கொட்டாயில, நிறுக்குற நேரம் வாங்க. மடுவத்துல நிறுவை முள்ள எல்லாக் கண்ணும் ஒண்ணா பாக்கும் பாருங்க, அந்த மொகங்கள எடுங்க, அதுக்கு யாரையும் நிக்கச் சொல்ல வேண்டியதே இல்ல. இன்னொண்ணு, கறுத்த மொகத்துக்குப் பின்னால வெள்ளைப் பனி இருந்தா கேமரா ஏமாறும், மொகம் இருட்டா வந்துரும். வெளிச்சத்த ஒரு ஸ்டொப்பாவது கூட்டி வைங்க. பனி வெளுத்தா வெளுக்கட்டும், கண்ணு தெரியணும்.

அப்புறம் சீசன். உங்க சீசன் ஜனவரியில தொடங்கி மார்ச்சோட முடியிது. அந்த நேரம் வானம் தெளிவு, விடியக்காலைல பாதமலை கத்தியால வெட்டுன மாதிரி நிக்கும், சரிதான். மார்கழிப் போயாப் பௌர்ணமியில இருந்து வெசாக் பௌர்ணமி வரைக்கும் பாதமலைக்கு சனம் ஏறும், ராத்திரியில மவுசாகலைப் பக்கம் நின்னா உச்சி வரைக்கும் லைட்டு மாலை கோத்த மாதிரி தொங்கும், அதையும் எல்லாரும் எடுத்தாச்சு. ஆனா அதே மார்கழியில, விடிய நாலரைக்கு, வாயத் தொறந்தா பொகை வாற குளிர்ல, கம்பளி சுத்திக்கிட்டு சின்னப் பசங்க லயம் லயமா பஜனை பாடிக்கிட்டுப் போவாங்க, ஒரு பெட்ரோமெக்ஸோ டோர்ச் லைட்டோ முன்னுக்குப் போகும், ஒவ்வொரு இஸ்தோப்புலயும் கதவு தொறந்து மஞ்ச வெளிச்சம் கோலத்து மேல விழும். அத எடுக்க ஒருத்தரும் வந்து நான் பாக்கல. நீங்க அந்நேரம் பாதமலைக்குப் போற நல்லதண்ணி ரோட்டுல ஸ்டேண்ட் போட்டுக்கிட்டு சூரியனுக்குக் காத்துக்கிட்டு இருப்பீங்க. ஜூன், ஜூலையில தென்மேல் மழை அடிச்சு டேம் நெறைஞ்சு வான் பாயிறப்பவும் உங்களக் காணோம். அந்த மழையில தலைக்கு மேல ரப்பர் சீட்டப் போட்டுக்கிட்டு, காலெல்லாம் அட்டை, அப்பவும் கொழுந்து எடுத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. அது கலண்டர்ல வராது, ஏன்னா யாரும் சிரிக்கிறதில்ல.

காமன் கூத்து, அதான் சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற எங்க தோட்டத்துக் கூத்து, அத பத்தி சொல்லாம விட முடியாது. மாசி அமாவாசை முடிஞ்சு மூணாம் பெறையில கம்பம் நட்டா பௌர்ணமி வரைக்கும் எங்க லயத்துல யாரும் ஒழுங்காத் தூங்குறதில்ல. பகல்ல மலையில கொழுந்து, கவ்வாத்து, ராத்திரியில தப்பு சத்தம். மன்மதன் பொண்டாட்டி ரதி வேசமும் ஆம்பளைதான் கட்டுவாரு, காம்பராவுக்குள்ள ஒக்காத்தி வச்சு வேசம் போடுறப்ப அவரு அக்கா தன்னோட வளையலக் கழட்டி மாட்டி விடும், மீசை எடுத்த எடத்துல பவுடர் பிடிக்காம ரெண்டு மூணு தடவை துடைச்சுத் துடைச்சுப் போடுவாங்க, அந்த நேரம் அவரு யார் கூடயும் பேச மாட்டாரு. கடைசி ராத்திரி சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து மன்மதன் எரியிற நேரம், சின்னப் புள்ளைங்க கூட மூச்சு விடாது, கெழவிங்க நெசமாவே ஒப்பாரி வைக்கும், தன் வீட்டுச் சாவெல்லாம் நெனைச்சுக்கிட்டு. போன தடவை அந்த நேரம் பாத்து பட்டு பட்டுன்னு நாலஞ்சு ஃப்ளாஷு. அதோட விட்டிருந்தா பரவாயில்ல. முடிஞ்ச பொறகு ஒருத்தர் வந்து கேக்குறாரு, சரியா விழல, அந்த எரியிற சீன இன்னொருக்கா பண்ண முடியுமான்னு. எங்க கூத்து வாத்தியாருக்கு எழுவத்தி மூணு வயசு, அவரு பாவம் கோபப்படக் கூட இல்ல. தம்பி, மன்மதன் செத்துட்டான், இனி மூணாம் நாளுதான் எழும்புவான், அப்ப வாங்கன்னாரு. கூட்டமே சிரிச்சுப் போச்சு.

ஃப்ளாஷ் இல்லாம முடியும். இப்பத்த கேமராவுல ஐஎஸ்ஓ 6400 வச்சாலே ஒண்ணும் கெட்டுப் போகாது, தீப்பந்த வெளிச்சத்துல புள்ளி விழுந்தா விழட்டும். என்கிட்ட இருக்குற பத்து வருசத்துப் பழைய கேமரா பொடியிலயே நான் எடுக்குறேன்.

சொல்ல கூச்சமா இருக்குற விசயம் ஒண்ணு இருக்கு, சொல்லித்தான் ஆகணும். பீலி, அதான் மலைத் தண்ணி வந்து விழுற எடம். லயத்துல குளிக்கிறதுக்கு மறைப்பு இல்லாத எடம் இன்னும் நெறைய இருக்கு, பொம்பளைங்க பாவாடைய நெஞ்சுக்கு ஏத்திக் கட்டிக்கிட்டு பீலியில குளிப்பாங்க. டேமுக்கு அந்தாண்டக் கரையில நின்னுக்கிட்டு நீள லென்ஸ்ல அத எடுக்குறது படமும் இல்ல, கலையும் இல்ல. எங்க தோட்டத்துல ஒரு புள்ள அப்படி ஒரு படம் போன்ல சுத்துனதால ரெண்டு வாரம் பள்ளிக்கூடம் போகல. எடுத்தவர் அது ரொம்ப தூரம், மொகம் தெரியலன்னாராம். லயத்துல மொகம் தெரியாட்டி என்ன, பாவாடைய வச்சே யாருன்னு சொல்லிருவாங்க. ட்ரோனும் அதே மாதிரிதான். அனுமதி, பதிவு எல்லாம் உங்க தலைவலி, ஆனா மலைக்கு மேல எறக்காதீங்க. குளவிக் கூடு எந்த மரத்துல தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியாது, கொட்டுனா ஓடுறதுக்கு அவங்களுக்கு எடம் இல்ல, தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துதான் எழும்பணும். குளவி கொட்டி செத்த சனம் எங்க பக்கம் உண்டு.

2023ல எங்க சனம் இங்க வந்து இருநூறு வருசமாச்சுன்னு, மலையகம் 200ன்னு பேரு வச்சு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அப்ப கண்காட்சிக்கு வைக்கன்னு பழைய குடும்பப் படம் இருந்தா குடுங்கன்னு எங்க தோட்டத்துல கேட்டேன். ரெண்டு லயம், நாப்பது வீடு இருக்கும். வந்தது பதினோரு படம். அதுல ஏழு ஐடென்டிட்டி கார்டு. கேமரா இந்த மலைக்கு வந்த காலத்துல இருந்து அதுக்கு முன்னுக்கு நின்ன சனத்துகிட்ட இருந்தது இவ்வளவுதான். மத்ததெல்லாம் தபால் அட்டையிலயும் டீ டின்னுலயும் எங்கயோ ஊர் சுத்திக்கிட்டு இருக்கு.

அதனால திரும்பவும் அதேதான் கேக்குறேன். 4க்கு 6 ஒரு பிரிண்ட். உங்களுக்கு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு கூட வராது. தபால்ல அனுப்பலாம்னு நெனைச்சா ஒரு சிக்கல் இருக்கு, லயத்துக்கு வீட்டு நம்பர், வீதிப் பேருன்னு எதுவும் ஒழுங்கா கெடையாது, கடுதாசி தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கருந்து யாராவது கைமாத்தி கைமாத்தி, வந்தா வரும். அதனால நேர வந்து குடுங்க. ஏலாட்டி பக்கத்துல கடை இருக்கும், முன்பள்ளி இருக்கும், கோயில் இருக்கும், எடுக்குறப்பவே எங்க குடுத்தா உங்க கைக்கு வந்து சேரும்னு அவங்ககிட்டயே கேட்டு வச்சுக்கங்க. அதுவும் முடியாதா, எனக்கு படத்த அனுப்புங்க, பேரும், தோட்டமும், எந்த டிவிசன்னும் எழுதி. நான் பேப்பர் காசுக்கு பிரிண்ட் போட்டு, ஞாயித்துக்கெழமை பைக்ல போயி குடுத்துட்டு வாறேன். போற எடத்துல எல்லாம் சோறு போடாம விட மாட்டாங்க, அது ஒரு தொல்லை, ஆனா பரவாயில்ல.

வாற மாசியில காமன் நடுறப்ப வாங்க. வந்து கோயில் தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு, அப்புறம் எங்க வேணும்னாலும் நில்லுங்க, கம்பளி கொண்டு வாங்க, ராத்தங்கணும்னா எங்க வீட்டு இஸ்தோப்பு இருக்கு.

இப்படிக்கு,
ஹட்டன் டவுன்ல ஸ்டூடியோ வச்சிருக்கிற, காசல்ரீ கரையில பொறந்த ஒருத்தன்

பி.கு: ஒரு உதவி. ஆறேழு வருசத்துக்கு முந்தி காசல்ரீப் பக்கம் வந்தவங்க தயவு செஞ்சு பழைய ஹார்ட் டிஸ்க்க ஒருக்கா தொறந்து பாருங்க. கலங்குன மஞ்சச் சேலை, இடுப்புல பச்சைப் படங்கு, இடது பக்கம் மூக்குத்தி, முன்பல்லு ஒண்ணு இருக்காது, பின்னுக்கு தண்ணியும் அந்தாண்ட வார்லி சர்ச்சுக் கூரையும் தெரியும். அன்னைக்கு ஒரே கூட்டமா நாலஞ்சு பேரு சேந்து எடுத்ததா லயத்துல சொல்றாங்க, அதனால வேற யார்கிட்டயாவது ஒரு படம் இருக்கத்தான் செய்யும். மங்கலா இருந்தாலும் சரி, கண்ணு மூடியிருந்தாலும் சரி. நான் வரைஞ்ச கண்ணோட ஒரு படம் அவங்க வீட்டுச் சுவருல தொங்குது, அத மாத்தணும்.